நனையாத இடம்

ஈப்போ,
டிசம்பர் 28, ஞாயிறு.

அன்புள்ள ரதீசனுக்கு,

கௌசிகா எழுதிக்கொள்வது. வீட்டில் மாமியும் நானும் மழையும் இருக்கிறோம். இந்த வருடம் மழை விடுவதாக இல்லை. பின்கட்டுக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது. போன வருடம் பார்த்துவிட்டுப் போன அதே ஆளைக் கூப்பிட்டேன். அவர் அண்ணாந்து பார்த்து, "கூரை நல்லாதான் இருக்கு அக்கா, மழைதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு வாளியை வைத்திருக்கிறேன். அங்கே வேல்ஸ் குளிருக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நான் விட்டு வந்த நல்லெண்ணெய் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

மாமிக்குச் சீனி வியாதி கட்டுக்குள் இருக்கிறது. வாய்தான் கட்டுக்குள் இல்லை. நேற்று டாக்டரிடம், "எண்பத்திரண்டு வயசிலை இனிப்புச் சாப்பிடாமல் ஆருக்கு, பிள்ளை, நான் மிச்சம் பிடிச்சு வைக்கிறது?" என்று கேட்டார். அந்தப் பெண் டாக்டர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. வரும் வழியில் நான் காடியை ஓட்ட, மாமி கண்ணாடிப் பக்கம் திரும்பி மழையையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தக் கேள்வி எங்கே போய் விழுந்தது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் இதைக் கேட்டால் நீங்கள் மாமியின் மாத்திரையைப் பற்றிக் கேட்பீர்கள். நான் பதில் சொல்வேன். பிறகு உங்களுக்கு வார்டுக்குப் போக நேரமாகிவிடும். எழுத்தில் கேட்டால் நீங்கள் என்னை இடைமறிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

மாமா கணக்கு எழுதிய ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். நீங்கள் கேள்விப்பட்டீர்களோ தெரியாது. கோலா கங்சார் சாலையில் நம் தோட்டத்துப் பலகை இருந்த இடத்தில் இப்போது புதிய வீடுகளின் படம் போட்ட பெரிய பலகை நிற்கிறது. கோயில் கமிட்டிச் செயலாளர் ஜெயபாலன் போன வாரம் எனக்குப் போன் செய்தார். மேல் டிவிஷன் இடுகாட்டில் இருக்கும் சமாதிகளை எல்லாம் நகரசபை இடத்துக்கு மாற்றுகிறார்களாம். பிப்ரவரியில் சீனப் பெருநாள் முடிந்ததும் மிஷின்கள் வந்துவிடுமாம். "அக்கா, உங்க குடும்பத்துல யாராச்சும் அங்க இருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, பேரு எழுதணும்" என்று கேட்டார்.

இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. குரலைத் தணித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளை இடுகாட்டுக்குள் புதைப்பதில்லை, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரையோரம்தான் புதைப்பார்கள், அங்கே இப்போது எண்ணெய்க்கு நட்ட செம்பனை நிற்கிறது என்றார். யாராவது இடத்தைக் காட்டினால் பிடிமண் எடுத்துப் புது இடத்தில் சேர்க்கலாம். "காட்டுறதுக்கு ஆளு வேணும்லா அக்கா, அதான் பிரச்சனை."

காட்டுவதற்கு ஆள் நீங்கள்தான். மாமா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. வேறு யாரிடம் நான் கேட்பது?

ஜூன் விடுமுறையில் நான் வேல்ஸுக்கு வந்திருந்தபோது, திரும்புவதற்கு முந்தின நாள், அந்தக் கடலோரப் பாதையில் நடக்கப் போனோமே. "கால் நோகுமெண்டால் சொல்லு, பாதியிலை திரும்பலாம்" என்று நீங்கள் மூன்று தரம் சொன்னீர்கள். எனக்குக் கால் நோகவில்லை. காற்றுதான் சேலையைப் பிடுங்கியது. "இந்த ஊர்க் காத்துக்கு சேலையைக் கட்டிக்கொண்டு வந்தவள் நீ ஒருத்திதான்" என்று சிரித்தீர்கள். பல வருடங்களுக்குப் பிறகு உங்கள் சிரிப்பை அடுத்தடுத்துக் கேட்ட நாள் அது. பாதை ஓரமெல்லாம் அந்தச் சின்ன ரோஜா நிறப் பூக்கள். ஒரு பக்கம் ஆடுகள், ஒரு பக்கம் கடல். நாம் இன்னும் புருஷன் பெண்சாதிதான் என்று எனக்கே தோன்றிய நாள்.

பிறகு அந்தக் கல் வந்தது.

மூன்று கற்கள் நட்டுக்குத்தாக நின்றன. மேலே ஒரு பெரிய கல், பலகை மாதிரி. காட்டில் யாரோ மேசை போட்டுவிட்டு மறந்துபோன மாதிரி இருந்தது. ஐயாயிரம் வருடத்துக்கு முந்தின கல்லறை என்று பலகையில் எழுதியிருந்தது. நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோயாளியின் ரிப்போர்ட்டைப் படிப்பது போல எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினீர்கள். இரும்பு தெரியாத காலம், எழுத்து தெரியாத மக்கள், இந்தக் கல்லை எப்படித் தூக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படியே வந்து ஒரு வரியில் நிறுத்தினீர்கள். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் கல்லுக்குப் பின்பக்கம் போய்விட்டீர்கள்.

மிச்சத்தை நான் படித்தேன். பெரியவர்களின் எலும்புகளோடு ஒரு கைக்குழந்தையின் எலும்புகளும் உள்ளே இருந்தன என்று எழுதியிருந்தது.

அந்த நேரம் நாயோடு ஒரு வயதான பெண்மணி வந்தாள். ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து ஊர்க்காரி. நாற்பது வருடமாக இந்த வழியே நடக்கிறாளாம். காலையில் இந்தக் கல்லுக்கு ஒரு வணக்கம் சொல்லாமல் தாண்டியதில்லையாம். "உள்ளே யார் என்று தெரியாது, ஆனால் அக்கம்பக்கத்துக்காரர்கள்தானே" என்றாள். சும்மா சொன்னாள். சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளைப் பார்த்து எனக்கு வந்தது பொறாமை. அவளுக்கு உறவே இல்லாத பிள்ளை, அவள் தினமும் போய் நிற்கிறாள்.

நான் பின்பக்கம் வந்தபோது நீங்கள் குனிந்து, கல்லுக்கு அடியில் கையை விட்டு, உள்ளே மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தீர்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. உங்கள் முதுகெல்லாம் ஈரம். நான் வந்ததைப் பார்த்ததும் எழும்பி, கையைத் தட்டிவிட்டு, "உள்ளுக்கு நனையேல்லை" என்று சொன்னீர்கள்.

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நீங்களும் பதில் சொன்னீர்கள். பஸ் நிறுத்தம் வரைக்கும் இரண்டு பேரும் பஸ்ஸைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.

நம் பிள்ளை போன அன்று, தோட்டத்தில் மாமாவுக்குக் கொடுத்திருந்த கிராணி வீட்டில் எனக்கு என்ன தெரிந்தது என்று உங்களுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. விடிகாலையில் பால் குடித்தாள். தூங்கினாள். நான் பார்த்தபோது தூக்கம்தான் என்று நினைத்தேன். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். மாமாவின் குரலும் உங்கள் குரலும் முன்வாசலில் கேட்டன. மழைச் சத்தத்தில் சொல் விளங்கவில்லை. பெண்கள் போகக் கூடாது, பெற்றவள் பார்க்கவே கூடாது என்று மாமி சொன்னார். எனக்குப் பால் கட்டிக்கொண்டது. மாமி மல்லிகைப் பூவைக் கொண்டுவந்து நெஞ்சில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார், பால் வற்றுவதற்கு. அந்த வாசனையோடுதான் ஜன்னல் வழியாக வெள்ளைத் துணி போவதைப் பார்த்தேன். எனக்கு ஏன் மல்லிகைப் பூ பிடிக்காது என்று ஒருமுறை கேட்டீர்கள். தலையிடி வருகிறது என்று சொன்னேன்.

பிறகு நான் கேட்காமலா இருந்தேன்? கேட்டேன். ஓடைப் பக்கமா, மேட்டுப் பக்கமா என்று கேட்டேன். மாமாதான் பதில் சொல்வார். "அடுத்தது பிறக்கட்டும் பிள்ளை, அதுக்குப் பிறகு காட்டலாம். இப்ப நீ பார்த்தால் வாறது தங்காது." கல் வைக்கவில்லை, கும்பம் வைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. பேர் வைக்கிற முப்பத்தோராம் நாள் வரைக்கும் இருக்காத பிள்ளைக்கு அதெல்லாம் இல்லை என்றார்கள். இனி வரப்போகும் பிள்ளைக்காக எனக்கு அந்த இடத்தை மறைத்தார்கள். நானும் அந்தப் பிள்ளைக்காகப் பொறுத்தேன்.

அந்தப் பிள்ளை வரவில்லை. எனக்கு நாற்பத்தேழு வயது. இனி யாருக்குக் கெடுதல் வந்துவிடப் போகிறது?

ஒரு படம் வரைந்து அனுப்புங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஓடை எந்தப் பக்கம், மேடு எந்தப் பக்கம், நீங்கள் நின்ற இடம். மருந்துச் சீட்டுக்குப் பின்னால் கிறுக்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும். உங்கள் கையெழுத்தைப் படிக்க நாட்டில் என்னைவிட்டால் ஆள் இல்லை.

இன்னும் எழுதவேண்டும். வாளி நிரம்பிவிட்டது, போய் ஊற்றிவிட்டு வருகிறேன்.

*

ஜனவரி 1, வியாழன்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதை அனுப்பவில்லை. மடித்து வைத்தேன். கோபத்தில் எழுதியது போல இருக்கிறதோ என்று நினைத்தேன். திரும்பப் படித்தபோது கோபத்தில் எழுதியதுதான் என்று தெரிந்தது. அதைக் கிழிக்கவும் இல்லை. சேர்த்தே அனுப்புகிறேன்.

உங்களைக் கேட்பதற்கு முன்னால் வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க நினைத்து ஜெயபாலனிடமே மறுபடியும் பேசினேன். அந்தக் காலத்தில் குழி வெட்டிய சன்னாசி இங்கே ஈப்போவிலேயே புந்தோங்கில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று அவர்தான் சொன்னார். நேற்று மத்தியானம் ஒரு ரொட்டி டின்னோடு போனேன்.

கோயிலுக்குப் பின்னால் சின்ன வீடு. வாசலில் மூன்று மோட்டார் சைக்கிள்கள், அவற்றின் நடுவே நாற்காலி போட்டு சன்னாசி உட்கார்ந்திருந்தார். ஆள் மெலிந்து, ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. மகள் பாப்பா எனக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, "நல்லா சத்தமா பேசுங்கக்கா. அப்பாவுக்கு நேத்து தின்னது ஞாபகம் இருக்காது, முப்பது வருஷத்துக்கு முன்னாடி கடிச்ச நாயோட பேரு மட்டும் கரெக்டா சொல்லுவாரு" என்றாள். "ஏன்னா அந்த நாயி மறுபடி கடிக்க வந்துச்சு, நேத்து தின்னது வரலல்ல" என்று அவர் பதில் கொடுத்தார். நல்ல குணமான மனிதர்.

நான் யார் என்று சொன்னேன். பெரிய கிராணியாரின் மருமகள் என்றதும் எழும்பப் பார்த்தார். உட்காரச் சொன்னேன். ரொட்டி டின்னைக் கொடுத்துவிட்டு, எதற்காக வந்தேன் என்று சொன்னேன். சொன்னதும் அவர் பாப்பாவை அனுப்பி எனக்குக் கோப்பி வாங்கிவரச் சொன்னார். அவள் போனபிறகுதான் பேசினார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். எனக்குத் தெரியும் என்பது மட்டும்தான் உங்களுக்குப் புதிது.

"மழைன்னா அப்படி ஒரு மழைம்மா. நான் வெட்ட வெட்டத் தண்ணி ஊறுது. பெரிய கிராணியாரு ஒரு கையில கொடைய புடிச்சிக்கிட்டு, ஒரு கையில புள்ளைய வச்சிக்கிட்டு நிக்கிறாரு. சின்னையா என்ன பண்ணாரு, பக்கத்து ரப்பர் மரத்துல இருந்த பால் மங்க கழட்டிக்கிட்டு குழிக்குள்ள எறங்கிட்டாரு. மொண்டு மொண்டு ஊத்துறாரு. அது எங்க நிக்கும்? 'போதும் சின்னையா, ஏறி வாங்க'ன்னேன். கேக்கல. 'நனையக் கூடாது சன்னாசி, நனையக் கூடாது'ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. கடைசியில அப்பாதான் கையப் புடிச்சித் தூக்கிவிட்டாரு."

ரப்பர் பால் பிடிக்கிற அந்தச் சின்ன மங்குக் கிண்ணத்தால் ஒரு குழித் தண்ணீரை இறைத்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு பதினெட்டு வருடமாக நான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன், இதை எனக்குச் சன்னாசி சொல்லவேண்டி வந்தது.

மூடியபிறகு அந்த மங்கை அதே மரத்தில் கவிழ்த்து மாட்டிவிட்டு, இந்த மரத்தில் யாரும் பால் வெட்டக் கூடாது என்று சொன்னீர்களாம். சன்னாசி வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லிவைத்தாராம். அந்த மர நிரையில் பால் வெட்டியவர்கள் ஒருவரும் அந்த மரத்தைத் தொடவில்லையாம். ஏன் என்று கேட்டதும் இல்லையாம்.

"அப்புறம் வருஷா வருஷம் வருவாருமா. காடியில வருவாரு. அந்த மரத்துக்குக் கீழ போயி நிப்பாரு. எனக்குக் கடையில ஒரு கோப்பி வாங்கிக் குடுத்துட்டுப் போயிடுவாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில் ஒரு நாள் நீங்கள் தாமதமாக வீட்டுக்கு வந்திருக்கவேண்டும். வார்டில் வேலை என்று நான் நம்பியிருக்கவேண்டும்.

நீங்களும் மாமாவும் கிராணி வீட்டு மனிதர்கள். எந்தக் காட்டில் எந்த வருடம் மரம் நட்டார்கள், எந்த வருடம் சாய்த்து மறுநடவு செய்வார்கள் என்பதெல்லாம் மாமாவின் விரல்நுனியில் இருந்தது. அந்த மரங்களுக்கு வயதாகிவிட்டது என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் ஒரு ரப்பர் மரத்தைத்தான் அடையாளமாக வைத்தீர்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரமே நிற்கும்போது, அது ஒருநாள் நிற்காது என்று தோன்றியிருக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அந்த மரத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

"செம்பனை போடப் போறோம்னு மிஷினு வந்து எல்லாத்தையும் சாச்சிருச்சு. நமக்கு யாரு சொல்றா? அந்த வருஷமும் சின்னையா வந்தாரு. பாத்தா மொட்டக் காடு. ஓடையையும் நேரா வெட்டி வேற பக்கமா திருப்பிட்டானுங்க. 'எந்த இடம் சன்னாசி?'ன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? எனக்கும் அந்த மரந்தானேம்மா அடையாளம். பொழுது சாயுற வரைக்கும் சகதியில நடந்தாரு. மங்கு மங்கா கெடந்துச்சு தரையில. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தாரு. எடுப்பாரு, தொடைப்பாரு, வச்சிருவாரு. எல்லா மங்கும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கும்."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ரதீசன். காடி சகதியில் சிக்கிவிட்டது, இறங்கித் தள்ளினேன் என்று சொன்னீர்கள். காற்சட்டையில் முழங்காலுக்கு மேல் வரைக்கும் மண். நான்தான் தோய்த்தேன். செம்மண் போகவே இல்லை. இரண்டு தரம் ஊறவைத்துத் தேய்த்துவிட்டு, இதை இனி வீட்டில்தான் போடலாம் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் அதை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்தீர்கள். அதற்குப் பிறகு சில மாதத்தில் வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டீர்கள். இரண்டு வருடம் போய்விட்டு வருகிறேன் என்றீர்கள்.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று இத்தனை வருடம் நான் யோசித்த காரணங்கள் எல்லாம் வேறு. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். பிள்ளை இல்லாத வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். நீங்கள் அங்கே கூப்பிட்டபோது மாமியைக் காரணம் சொல்லி நான் வர மறுத்தேன். மாமி மட்டும் காரணம் இல்லை. எங்கே என்று தெரியாவிட்டாலும், அவள் இருக்கும் மண்ணிலிருந்து காடியில் முக்கால் மணி நேரத்தில் நான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்பேன், நீங்கள் சொல்வீர்கள், நான் போய்ப் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். சொல்வதற்கு உங்களிடம் இடம் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

பாப்பா கோப்பியோடு வந்தபோது நானும் சன்னாசியும் அழுதுகொண்டிருந்தோம். "என்னப்பா, வந்தவங்கள அழவச்சிட்டியா, ஒரு கோப்பி வாங்குறதுக்குள்ள" என்று அவரைத்தான் ஏசினாள். பிறகு அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கோப்பி ஆறிப்போய்விட்டது. இன்னொன்று வாங்கிவந்தாள்.

கிளம்பும்போது சன்னாசி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னையா நல்லா இருக்காராம்மா?" என்று கேட்டார். நல்லா இருக்கிறார் என்றேன்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். கோப்பையில் இருந்த தேத்தண்ணீரைக் குடிக்காமல் ஆறவிட்டார். பிறகு, "தண்ணியை அவனே அள்ளினவன்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "உங்கடை மாமா எனக்கு அதைச் சொல்லேல்லை" என்றார். இரவு படுக்கப் போகும்போது கதவருகில் நின்று, "அவனை வரச் சொல்லு. போறதெண்டால் என்னையும் கூட்டிக்கொண்டு போ. எனக்கு நடக்க ஏலும்" என்றார். அன்று என்னை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவர் அவர். மாமா இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.

ஆகவே படம் வரையவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டதை மறந்துவிடுங்கள். அந்தக் கேள்வி உங்களை என்ன செய்யும் என்று தெரியாமல் கேட்டேன்.

சீனப் பெருநாளுக்கு முன்னால் வந்துவிடுங்கள். ஒரு வாரம் லீவு கிடைத்தால் போதும். ஜெயபாலனிடம் சொல்லியிருக்கிறேன், நம் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லி. சன்னாசியையும் காடியில் ஏற்றிக்கொள்வோம். செம்பனைக் காட்டுக்குள் போய் நீங்கள் ஒரு இடத்தைக் காட்டுங்கள். எந்த இடமாக இருந்தாலும் சரி. உங்கள் கால் எங்கே நிற்கிறதோ அங்கே. இதுதானா, நிச்சயமா என்று நான் கேட்கமாட்டேன். உயிர் உள்ளவரைக்கும் கேட்கமாட்டேன். அங்கே ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய், புது இடத்தில் ஒரு கல் வைப்போம். சின்னதாக இருந்தால் போதும். அடியில் மழை போகாதபடி வைக்கச் சொல்லுவோம். அந்தப் பெண்மணி சொன்ன மாதிரி யாராவது அந்த வழியே போகும்போது ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்னும் ஒன்று. பிள்ளை பிறந்த நாழிகைக்கு எந்த எழுத்தில் பேர் வைக்கவேண்டும் என்று மாமா பார்த்துச் சொல்லியிருந்தார். நான் அந்த எழுத்தில் ஒரு பேரைத் தெரிந்து வைத்திருந்தேன். முப்பத்தோராம் நாள் உங்கள் எல்லாருக்கும் முன்னால் சொல்லலாம் என்று இருந்தேன். வீட்டில் நீங்கள் எல்லாரும் பிள்ளை, பிள்ளை என்றுதான் கூப்பிட்டீர்கள். நான் மட்டும், ஒருவரும் இல்லாத நேரத்தில், பால் கொடுக்கும்போது, அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவளுக்கு அது தெரியும். திரும்பிப் பார்ப்பாள்.

அந்தப் பேரை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். போனிலும் சொல்லமாட்டேன். நீங்கள் வந்து நில்லுங்கள், அங்கே சொல்கிறேன். அவளுடைய அப்பா அவளை ஒரு தரமாவது பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும்.

மழை உடுப்பு எடுத்து வாருங்கள். அந்தப் பழைய காற்சட்டை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அவளின் அம்மா,
கௌசிகா